கத்த வராத கராத்தே

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குத் தற்காப்பு சொல்லித் தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மேடம், எங்க அடிச்சா ஆள் விழுவான்?" அடி எல்லாம் அப்புறம். முதல் நாள் கத்தச் சொல்வேன். "தள்ளிப் போடா!" அவ்வளவுதான் பாடம்.

வராது. சிரிப்புதான் வரும். கீழ்வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "கொஞ்சம் தள்ளிப் போங்க சார்" என்றார். அடிக்க வருகிறவனுக்கும் ஒரு 'ங்க', ஒரு 'சார்'!

நான் கிண்டல் செய்யக் கூடாது. பதினொரு வருடம் கராத்தே கற்றவள், கறுப்புப் பட்டை. கட்டா என்ற வரிசைப் பயிற்சி செய்யும்போது கூரை அதிர 'கியாய்' என்று கராத்தேக் கத்தல் போடுவேன். அப்படிப்பட்டவள் ஒருநாள் டவுன் பஸ்ஸில், பின்னால் ஒட்டி நின்றவனைப் பற்றி, "கூட்டத்தில் தெரியாமல் பட்டிருக்கும்" என்று மூன்று ஸ்டாப் வரை எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். பயம்கூட இல்லை. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அவனும் நிற்கிறான்.

அதனால்தான் வீடியோக்களில் வரும் கைப்பூட்டு வித்தைகளை நான் சொல்லித் தருவதில்லை. அட்ரினலின் ஏறினால் விரல் நடுங்கும், பார்வை குழாய்க்குள் பார்ப்பது போலக் குறுகும். அந்த நேரத்தில் மணிக்கட்டை எந்தப் பக்கம் முறுக்குவது என்று யாருக்கு ஞாபகம் வரும்? உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கில் ஒரு குத்து, முழங்கை, முழங்கால். பிறகு ஓட்டம். ஓடியபடியே அவசர உதவி எண் 112. சிலருக்கு உடம்பு அப்படியே உறைந்து போகும். அது அவர்கள் குற்றம் இல்லை.

அடி வாங்காமல் தப்ப, பொருளை விடவும் தெரிய வேண்டும். பைக்கில் வருகிறவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், தொங்கினால் தரையில் தலை மோதும் என்றேன். ஓர் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தாலியை எப்படிம்மா விடறது?" எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மஞ்சள் கயிற்றோடு வந்தார். தங்கம் பீரோவில் இருக்கிறதாம். என்னைவிடக் கெட்டிக்காரர்.

"திருப்பி அடித்தால் நம் மேலேயே கேஸ் போடுவார்களே?" என்பது அடுத்த பயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவைதான். உயிருக்கு ஆபத்து, பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற நிலைகளில் தாக்குகிறவன் உயிர் போகும் அளவுக்கு எதிர்க்கவும் 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறது 37. தப்பி ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து மிதித்துவிட்டு அதைத் தற்காப்பு என்று சொன்னால் எடுபடாது.

போன ஞாயிறு அந்த வங்கி அக்காவுக்கு ஒருவழியாகக் குரல் வந்தது. தெருமுனை வரை கேட்டிருக்கும். இரண்டே நிமிடத்தில் கீழ்வீட்டுத் தாத்தா கைத்தடியை ஓங்கியபடி மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றார். "எவன்மா அவன்?"