பூப்பறிக்கிற நோம்பியைப் பெண்களுக்கே விட்டுக்கொடுங்கள்

இந்தத் தைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பட்டிப் பொங்கலுக்கு, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு, மறுநாள் சொந்தபந்தம் எல்லாம் ஒரு வேன் பிடித்துக் கொடிவேரி அணைக்குப் போனோம். நம்பியூர்ப் பக்கமிருந்து கோபி வழியாகப் போனால் தூரம் அதிகமில்லை. பவானி ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இரண்டும் அங்கிருந்துதான் பிரிந்து கோபி வட்டாரத்து வயல்களுக்குப் போகின்றன. பொங்கலுக்குப் பார்க்க வேண்டிய இடம்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் ஆண்களும் பிள்ளைகளும் அருவி மாதிரி விழுகிற தண்ணீரில் நின்றார்கள். அம்மாவும் சித்தியும் அத்தையும் மரத்தடியில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருந்தார்கள். குளித்துவிட்டு வந்தவர்களுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் போட்டார்கள். போசிகளைக் கழுவினார்கள். கிளம்பும் நேரமாகிவிட்டது. அம்மாவின் கால்கூட நனையவில்லை.

அந்தச் சோற்றைக் கட்ட அவர்கள் எழுந்தது காலை 4 மணிக்கு. காப்புக்கட்டுக்கு முன்பே வீடு முழுக்கக் கழுவி, வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் கட்டியது, பெரும் பொங்கலுக்கு வாசல் அடுப்பில் நின்றது, பட்டியில் பொங்கல் வைத்து "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று எல்லோரும் கூவி முடித்த பிறகு பாத்திரம் விளக்கியது எல்லாம் அவர்கள்தான். மூன்று நாள் வேலை நான்காம் நாளும் தொடர்ந்தது, அணைக்கட்டு ஓரத்தில்.

எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், இந்த நாளைக் காணும் பொங்கல் என்று சொல்லவே மாட்டார். பூப்பறிக்கிற நோம்பி என்பார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் பண்டிகை. அவர் சிறுமியாக இருந்தபோது அன்றைக்கு ஊர்ப் பெண்கள் எல்லாம் கூட்டமாகக் கரட்டுக்கு, ஊரை ஒட்டிய சின்னக் குன்றுக்கு, போவார்களாம். மடியில் கரும்பும் முறுக்கும் கச்சாயமும். ஆவாரம்பூ பறிப்பது, கும்மியடிப்பது, கொண்டுபோனதை மாற்றி மாற்றித் தின்பது, இருட்டுவதற்குள் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்புவது. கூட ஆண் என்று யாராவது வந்தால் அது இடுப்புக் குழந்தையாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஊர் எல்லையைத் தாண்டி மனம்போல நடந்த நாள் வருடத்தில் இது ஒன்றுதான் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

திரும்பும் வழியில் ரோட்டோரக் கரட்டில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. "கண்ணு, வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றார் அம்மாயி. பெண்கள் மட்டும் இறங்கினோம். முதலில் சும்மா பூத்தான் பறித்தோம். அப்புறம் அத்தை மெல்ல ஒரு பாட்டெடுத்தார். சித்தி கை தட்டினார். அம்மா கும்மியடித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அடிகள் ஒன்றுகூடத் தவறவில்லை. அரைமணி நேரம் இருக்கும். வேனில் காத்திருந்த மாமா இரண்டு தடவை ஹாரன் அடித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈரோட்டில் வ.உ.சி. பூங்காவில் காணும் பொங்கலன்று பெண்களை மட்டும் உள்ளே விடுகிற வழக்கம் இருக்கிறது. அங்கே ஆட்டமும் பாட்டும் அமர்க்களப்படும். கரடும் காடும் பக்கத்தில் இல்லாத டவுனிலேயே இதை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், ஆவாரை வேலியோரமே பூத்துக் கிடக்கிற நம் ஊர்களில் ஏன் விட்டோம்? கார் வந்தது, அணைக்குப் போனோம், நல்லதுதான். ஆனால் அவர்களுக்கென்று இருந்த ஒரே நாளும் குடும்பச் சுற்றுலாவில் கரைந்துபோனது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் இத்தனை வருடம் படவில்லை.

அணைக்கு மறுநாள் போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம். தண்ணீர் அங்கேதான் இருக்கும். பூப்பறிக்கிற நோம்பியன்று மட்டும் வீட்டில் அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த தைக்குப் புளிச்சோறு கிளறுவது தன் பொறுப்பு என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மாயிக்கு முட்டிவலி, அதனால் கரட்டடி வரைக்கும் வண்டி வேண்டும். ஓட்டப்போவது நான்.