தேர்ச்சி சதவீதம் யாருடைய மதிப்பெண்?

அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வந்து விழுகிற கேள்வி, "ரிசல்ட் எப்படி?" என்பதுதான். அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பள்ளியை எடைபோடுவது, கொழுத்த மாட்டைப் பார்த்துவிட்டுத் தரகரைப் பாராட்டுவது மாதிரி. தீனி போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆறாம் வகுப்பில் கால் வைக்கும்போதே சரளமாகப் படிக்கத் தெரிந்த, வீட்டில் புத்தகமும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிற பிள்ளைகள் நிறைந்த பள்ளி, மூன்று வருடம் பெரிதாக எதுவும் செய்யாவிட்டாலும் எட்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் காட்டும். ஒரே அளவுகோலில் வைத்த தேர்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியில் சேரும்போது சராசரி 72, முடிக்கும்போது 74. இன்னொன்றில் 38-இல் தொடங்கி 55. பலகையில் எழுதினால் முதல் பள்ளிதான் ஜெயிக்கும். வேலை நடந்தது இரண்டாவதில்.

ஆக, பார்க்க வேண்டியது பிள்ளை கடந்த தூரத்தை. இதைச் சொல்வது சுலபம், கணக்கிடும்போதுதான் வழுக்கும். இந்த வருட எட்டாம் வகுப்பை போன வருட எட்டாம் வகுப்போடு ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று அறிக்கை எழுதுகிறார்கள். அவர்கள் வேறு பிள்ளைகள், இவர்கள் வேறு பிள்ளைகள். இன்றைய எட்டாம் வகுப்பை, அதே பிள்ளைகள் இரண்டு வருடம் முன்பு ஆறில் எங்கே இருந்தார்களோ அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆறில் 60 பேர் சேர்ந்தார்கள், சராசரி 50. நடுவில் 12 பேர் நின்றுவிட்டார்கள் அல்லது வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் சராசரி 30 என்றால், மிச்சமிருக்கும் 48 பேரின் சராசரி தானாகவே 55 ஆகிவிடும். ஒரு பிள்ளைகூட ஒரு எழுத்துக்கூடப் புதிதாகக் கற்கவில்லை, சராசரி மட்டும் ஐந்து ஏறிவிட்டது. அதனால் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் தலை எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆறில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எட்டில் இருக்கிறார்கள்? போனவர்கள் எங்கே போனார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்கிற பள்ளி என்றால், அதுவே நல்ல அடையாளம்.

ஏற்கெனவே 95 வாங்குகிற பிள்ளைக்கு மேலே ஏற இடமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அப்படிப் பட்டவர்கள் நிறைந்த பள்ளியில் "முன்னேற்றம் குறைவு" என்று எழுதுவது அநியாயம். அங்கே வேறு விதமாகக் கேட்க வேண்டும்: இந்தப் பிள்ளைகளுக்குச் சற்றுக் கடினமான வேலை தரப்படுகிறதா, இல்லை தெரிந்ததையே திரும்ப எழுத வைக்கிறார்களா?

இன்னொரு விஷயம், சின்னப் பள்ளிகளின் எண்கள் ஆடும். ஒரு வகுப்பில் 40 பேர்தான் என்றால் ஒரு பிள்ளையின் எடை 2.5 சதவீதம். இரண்டு பேருக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தால் ஐந்து சதவீதம் போச்சு. புள்ளியியல் கணக்குப்படி, உண்மையான தேர்ச்சித் திறன் 60 சதவீதம் உள்ள 40 பேர் வகுப்பில், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே முடிவு சுமார் 8 புள்ளி மேலும் கீழும் போவது சாதாரணம். 240 பேர் எழுதினால் அந்த ஆட்டம் 3 புள்ளியாகச் சுருங்கிவிடும். தரவரிசைப் பட்டியலின் உச்சியில் சின்னப் பள்ளிகள் நிறைய இருப்பதற்கும், அதே பட்டியலின் அடியிலும் சின்னப் பள்ளிகளே நிறைய இருப்பதற்கும் ஒரே காரணம்தான். ஒரு வருட எண்ணை வைத்து மாலையும் போடாதீர்கள், மண்ணையும் வாரித் தூற்றாதீர்கள். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

சராசரியைவிட மோசமானது "இத்தனை சதவீதம் தேர்ச்சி" என்கிற கோடு. 35-இல் கோடு போட்டால், 33 வாங்கும் பிள்ளை பள்ளிக்குத் தங்கம் ஆகிவிடுகிறது. கொஞ்சம் தள்ளினால் கோட்டைத் தாண்டிவிடும் அல்லவா? 12 வாங்கும் பிள்ளைமேல் எவ்வளவு உழைத்து 28-க்குக் கொண்டுவந்தாலும் கணக்கில் வராது. 80 வாங்கும் பிள்ளைக்குக் கவனமே தேவையில்லை. இது கற்பனை இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளின் தரவை ஆராய்ந்து டெரெக் நீலும் டயான் ஷான்சன்பாக்கும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் இதுதான் தெரிந்தது. தேர்ச்சிக் கோட்டை வைத்துப் பள்ளிகளைத் தண்டிக்கத் தொடங்கியதும் நடுவில் இருந்த மாணவர்களின் மதிப்பெண் ஏறியது, அடித்தட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆசிரியர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிப் பயனில்லை, கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பும் போகும்.

அழுத்தம் இன்னும் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் இருக்கிறது. 2009 தேர்வில் தவறான விடைகள் அழிக்கப்பட்டுச் சரியான விடைகளாக மாறியிருந்த எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு இருந்தது. மாநில விசாரணை அறிக்கை 2011-இல் வந்தபோது, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் முறைகேட்டில் சிக்கியிருந்தார்கள். 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றத்தில் தீர்ப்பானது. ஒரு அளவீட்டை வைத்து முடிவெடுக்கத் தொடங்கினால் அந்த அளவீடே கெட்டுப்போகும் என்று டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970-களிலேயே எச்சரித்திருந்தார். திடீரென்று ஒரே வருடத்தில் 30 சதவீதம் எகிறிய பள்ளியைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அப்புறம்தான் பாராட்டு.

சரி, எண்ணை நம்ப முடியாது என்றால் எதைப் பார்ப்பது? நடுநிலைப்பள்ளிக்கென்று தனியாகச் சில இடங்கள் இருக்கின்றன, தொடக்கப்பள்ளியில் பார்ப்பதை இங்கே பார்த்தால் போதாது.

முதல் இடம் கணக்கு. 6, 7, 8 வகுப்புகளில் கணக்கு தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. பின்னம், அங்கிருந்து விகிதம், அங்கிருந்து சமன்பாடு. இந்தப் படிக்கட்டில் ஒன்று உடைந்தால் மேலே ஏற முடியாது. பத்து வயதுவாக்கில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது, பிற்பாடு உயர்நிலைப்பள்ளியில் இயற்கணிதம் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டிக் காட்டுகிறது என்று ராபர்ட் சீக்லர் குழுவினர் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து 2012-இல் காட்டினார்கள். குடும்ப வருமானத்தையும் பொது அறிவுத்திறனையும் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் என்ன? ஏழில் மூன்று என்று பதில் வந்தால் மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறது. தப்பு அதோடு முடியவில்லை. கூட்டிய பிறகு முதலில் இருந்ததைவிடக் குறைந்துவிட்டதே என்று அந்தப் பிள்ளைக்கு உறுத்தவே இல்லை என்பதுதான் கவலைப்பட வேண்டியது. அடுத்து, 2-க்கு 3 என்றால் 10-க்கு எவ்வளவு? 11 என்று சொன்னால் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறது, விகிதம் இன்னும் மனதில் ஏறவில்லை. கடைசியாக, 8 கூட்டல் 4 சமம் ஒரு கட்டம் கூட்டல் 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 அல்லது 17 என்று எழுதினால், சமக்குறியை "இதோ விடை" என்று படிக்கிறது, இரண்டு பக்கமும் சமம் என்று படிக்கவில்லை. சமன்பாடு எப்படி விளங்கும்? பத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் போதும், பள்ளி இந்த மூன்று வருடத்தில் என்ன செய்தது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது இடம் நோட்டு. எனக்கு எந்த அறிக்கையையும்விட நோட்டுமேல்தான் நம்பிக்கை. ஆனால் அவர்கள் எடுத்துத் தருகிற நோட்டைப் பார்க்கக் கூடாது. அது அட்டை போட்ட, மணிமணியான கையெழுத்து நோட்டாகத்தான் இருக்கும். வருகைப் பதிவேட்டு வரிசையில் 7, 19, 31 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தேதிகளைப் புரட்டுங்கள், மூன்று வாரம் இடைவெளி இருந்தால் பிள்ளை வரவில்லையா, ஆசிரியர் வரவில்லையா என்று கேட்கலாம். மூன்று நோட்டிலும் வரிக்கு வரி ஒரே வாக்கியம் இருந்தால், அது கரும்பலகையின் நகல். பிள்ளையின் சொந்த வாக்கியம் எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பல நோட்டுகளில் விரல் விட்டு எண்ணிவிடலாம், அதுதான் வேதனை.

பிறகு சிவப்பு மையைப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் பெரிய 'சரி' அடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பது திருத்தல் ஆகாது. தவறு எந்த வரியில் தொடங்கியது என்று சுட்டி, அதற்குக் கீழே பிள்ளை திரும்பச் செய்து, அதையும் ஆசிரியர் பார்த்திருந்தால்தான் திருத்தல். அந்த மூன்றாவது படி இருக்கிற பள்ளி அரிது. இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம் என்பேன். கூடவே, ஆறாம் வகுப்பு நோட்டையும் எட்டாம் வகுப்பு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் "கோடிட்ட இடத்தை நிரப்புக" மட்டும்தான் என்றால், பிள்ளை வளர்ந்தது, வேலை வளரவில்லை.

வருகைப்பதிவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் சராசரி மிக அழகாகப் பொய் சொல்லும். 100 பிள்ளைகள், 200 வேலைநாள், சராசரி வருகை 95 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. மொத்தம் 1000 நாள் விடுப்பு. இதில் 90 பிள்ளைகள் ஆளுக்கு 4 நாள் எடுத்தால் 360. மிச்சம் 640 நாள் பத்தே பிள்ளைகள் தலையில். ஆளுக்கு 64 நாள், அதாவது வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பத்துப் பேரும் 95 சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அதனால் சராசரியை விட்டுவிட்டு, வேலைநாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விடுப்பு எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பிலடெல்பியாவில் ஏறத்தாழ 13,000 ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து ராபர்ட் பால்ஃபன்ஸ் குழுவினர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருகை 80 சதவீதத்துக்குக் கீழ், கணக்கில் தோல்வி, மொழிப்பாடத்தில் தோல்வி, ஒழுங்கு நடவடிக்கையாகப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் என்ற நான்கே அறிகுறிகளை வைத்து, பிற்காலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்காமல் போனவர்களில் சுமார் 60 சதவீதம் பேரை ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் காண முடிந்தது. இந்த நான்கும் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் ஏற்கெனவே இருக்கிற தகவல்கள். யாராவது நான்கையும் சேர்த்துவைத்துப் பார்க்கிறார்களா என்பதே கேள்வி.

பார்க்காமல் போவதற்கு ஒரு அமைப்புக் காரணமும் உண்டு. தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் ஆகிவிடுகிறது. கணக்கு ஆசிரியருக்குப் பிள்ளை கணக்கில் பின்தங்கியது தெரியும், அறிவியல் ஆசிரியருக்கு அது வாசிக்கத் திணறுவது தெரியும். முழுப் பிள்ளையை யாருக்கும் தெரியாது. நியூயார்க் தரவை வைத்து ஜோனா ராக்கஃப், பெஞ்சமின் லாக்வுட் இருவரும் 2010-இல் எழுதிய ஆய்வு, தனி நடுநிலைப்பள்ளிக்கு மாறுகிற பிள்ளைகளின் மதிப்பெண் மாறிய உடனே சரிகிறது, ஏற்கெனவே பின்தங்கியவர்களுக்கு அந்தச் சரிவு அதிகம் என்று காட்டியது. எனவே ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு சறுக்கல் தெரிந்தால் உடனே பள்ளியைத் திட்ட வேண்டாம். ஏழில் அது மீள்கிறதா என்று பாருங்கள். ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பிள்ளைகளின் பெயர் சொல்லிப் பேசுகிறார்களா என்றும் விசாரியுங்கள். கால அட்டவணையில் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருந்தால்தான் அது நடக்கும். "அப்பப்போ பேசிக்குவோம்" என்பது பேசுவதில்லை என்று பொருள்.

வகுப்பறைக்குள் இருபது நிமிடம் உட்கார அனுமதித்தால், ஆசிரியரைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். கேள்வி கேட்டபின் எத்தனை வினாடி காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அளந்தபோது பெரும்பாலும் ஒரு வினாடிதான் இருந்தது. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். எத்தனை வெவ்வேறு பிள்ளைகள் பேசினார்கள் என்று எண்ணுங்கள். முன்வரிசை மூன்று பேர் மட்டும் என்றால் மற்றவர்கள் பார்வையாளர்கள்.

கட்டடம், வண்ணம், கணினி அறை இதெல்லாம் என்னைப் பொறுத்தவரை கடைசி. நூலகம் இருக்கிறதா என்பதைவிடப் புத்தகம் எடுத்துப்போன ஏட்டில் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். கழிப்பறையைக் காலையில் பார்க்காதீர்கள், மதிய இடைவேளை முடிந்து பாருங்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் அப்போது இருக்கின்றனவா? பதின்வயதில் நுழையும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போகும் காரணங்களில் இது ஒன்று. பிள்ளைகளிடம் "உங்க பள்ளியில் நீங்க போகத் தயங்குற இடம் எது?" என்று கேளுங்கள். ஐந்து பேர் ஒரே இடத்தைச் சொன்னால், அங்கே என்ன நடக்கிறது என்று தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலிப்பணியிடம் பற்றியும் கேட்டுவிடுங்கள். அறிவியலுக்கு ஆள் இல்லாமல் மொழி ஆசிரியர் ஓட்டிக்கொண்டிருந்தால், அது அவர் குற்றமும் இல்லை, பள்ளியின் குற்றமும் இல்லை. நியமிக்க வேண்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அட்டவணையில் "அறிவியல்" என்று எழுதியிருப்பதை நம்பி வீடு திரும்பிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் நேரமில்லை, பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் தலைமை ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இரண்டு வருஷம் முன்னாடி ஆறாவதுல சேரும்போது வாசிக்கவே திணறின பிள்ளைங்க எத்தனை பேர், அவங்க இப்ப எந்த நிலையில இருக்காங்க?" சிலர் சுவரில் இருக்கும் கோப்பைகளைக் காட்டுவார்கள். சிலர் ஒரு ஏட்டை எடுத்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்குவார்கள். வாசிக்கும்போதே ஒரு பெயரில் நிறுத்தி, "இவன் மட்டும் இன்னும் வரல" என்று சொல்பவர் இருக்கிற பள்ளியில், தேர்ச்சி சதவீதம் என்ன என்று கேட்கக்கூட மறந்துவிட்டாலும் பரவாயில்லை.