பங்கு தரச் சட்டம் இருக்கிறது, கேஸ் நடத்த வக்கீல் எங்கே?

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது. 2005ல் நாடு முழுக்க வந்தது. மேடைக்கு மேடை அதைப் பேசுகிறார்கள். சரி, எங்கள் சித்தி தன் பங்கைக் கேட்டு கேஸ் போடலாம் என்று கிளம்பினார். எடுத்து நடத்த ஒரு வக்கீல் கிடைக்கவில்லை. அதை யாராவது பேசுகிறீர்களா?

எதிர்த்தரப்பு என் சொந்தத் தாய்மாமன். அம்மா எப்போதோ தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சித்தி போடவில்லை, அதுதான் அவர் செய்த குற்றம். மாமா ஊரில் பெரிய கை. எங்கள் தாலுகா கோர்ட்டில் சிவில் கேஸ் பார்க்கும் வக்கீல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் மாமாவின் பத்திர வேலைகளைப் பார்ப்பவர். இன்னொருவர் மாமாவின் சம்பந்தி வகை. மூன்றாமவர் வீட்டில் குமாஸ்தா அன்பாகத்தான் உட்காரச் சொன்னார், வில்லங்கச் சான்றைக் கூட வாங்கிப் புரட்டினார். "யார் மேலம்மா கேஸு?" என்று கேட்டார். சித்தி மாமாவின் பெயரைச் சொன்னதும் காகிதங்களை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா இந்த மாசம் புதுக் கேஸ் எடுக்கிறதில்லையே" என்றார். நாங்கள் பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் மாமாவிடமிருந்து போன் வந்துவிட்டது. வக்கீல் வீட்டு வாசலை மிதித்ததே ஊருக்குச் செய்தி ஆகிவிடுகிறது என்றால் ஒரு பெண் எப்படி ஐயா வாய் திறப்பாள்?

மதுரையில் ஆயிரம் வக்கீல் இருக்கிறார்களே என்பார்கள். நிலம் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தக் கோர்ட்டில்தான் பாகப்பிரிவினை கேஸ் போட முடியும். மதுரை வக்கீல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கார் வைத்து வரவேண்டும். எதிர்த்தரப்பு ஒரு மனு போட்டால் வாய்தா தள்ளிப்போகும், கார் வாடகை தள்ளிப்போகாது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் எங்கே போவாள் அந்தப் பணத்துக்கு?

எந்த வக்கீல் எந்தக் கேஸில் கெட்டிக்காரர் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நல்ல விதிதான். ஆனால் கிராமத்தில் அந்த இடத்தை நிரப்புவது யார்? டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவன்.

என் வயிறு எரிவது இதற்குத்தான்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. அந்த உதவி கேட்க 15100 என்று ஒரு போன் நம்பரும் இருக்கிறது. இத்தனை பேரைப் பார்த்தோமே, ஒருத்தர் வாயிலிருந்தும் இது வரவில்லை. "கூடப் பிறந்தவன் மேலேயா கேஸு, சீர் வாங்கிக்கிட்டுப் பேசாம இரும்மா" என்று சொல்ல மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது.

அப்படி இலவச வக்கீல் கேட்டு மனுப் போட்டாலும், உள்ளூர் வக்கீல்களில் ஒருவரையே கொடுத்தால் மறுபடி மாமா வீட்டுத் திண்ணைக்குத்தான் சேதி போகும். உள்ளூரில் பகை என்று சொல்லும் பெண்ணுக்குப் பக்கத்துத் தாலுகா வக்கீலை, அவருடைய பயணச் செலவையும் ஏற்றுக்கொண்டு கொடுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் எத்தனையோ திட்டங்களை எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த 15100ஐயும் எழுதிப் போட ஒரு டப்பா பெயின்ட் கிடைக்காதா?