அந்தக் கசெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்

போன மாதம் அம்மாவின் அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு 90 நிமிடக் கசெட் அகப்பட்டது. மேலே நீலப் பேனையால் பெரியப்பாவின் எழுத்து: ‘எங்கட வடமோடி. மறுபக்கம் குளிர்த்தி.’ வடமோடி அவர் மத்தளம் அடித்த கூத்து, குளிர்த்தி கண்ணகி அம்மன் கோயில் சடங்கில் பாடுவது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் இல்லை. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், கூத்தாடும் களரியோரம் ஒரு கசெட் றேடியோவை வைத்துப் பதிந்தது.

அந்த றேடியோவுக்குப் பற்றறி கிடைக்காத நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்போம். கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். புதுப் பாட்டு வேண்டுமென்றால் டவுனில் இருந்த றெக்கோடிங் பார்தான். கொப்பித் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கிழமை பொறுக்க வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்க எங்களுக்குப் ‘பாதை’ என்கிற மிதவைதான். அதில் ஏறி இறங்கிப் போய்க் கசெட்டை வாங்கி வருவோம். ஒரு கசெட்டில் 18 பாட்டுக்கு மேல் போகாது. எதை விடுவது என்று எனக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டையே நடக்கும்.

அதற்காக அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. இன்று என் மகள் பஸ்ஸில் இருந்தபடியே உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கிறாள். எனக்கு அது சந்தோஷம்தான். காத்திருந்து கேட்டால்தான் ரசனை வளரும் என்கிற பேச்சை நான் நம்பவில்லை.

என் கவலை வேறு. அந்தச் செயலியில் 10 கோடிக்கும் மேல் பாட்டு இருக்கிறது. எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் இழுத்துப் பாடிய தரு என்கிற கூத்துப் பாட்டு அதில் இல்லை. யூடியூபில் சில கோயில்களின் சடங்கு கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் ஊருக்கு ஊர் ஆட்டமும் மெட்டும் வேறு. யாராவது ஏற்றினால்தான் அங்கே இருக்கும். ஏற்றாத ஊர், கேட்கிறவர்களைப் பொறுத்தவரை பாடவே இல்லாத ஊர்.

நம்மிடம் இருப்பது இப்படியான கசெட்டுகள்தான். நாவலடி, கல்லடி, கல்முனைப் பக்கம் 2004 சுனாமியில் வீடுகளோடு போனவை எத்தனையோ. மிஞ்சியவற்றை வாவிக்கரை ஈரம் தின்கிறது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டால் அப்படியே போட்டு ஓடவிடாதீர்கள். நாடாவும் கெடும், கசெட் டெக்கில் நாடாவை வாசிக்கிற ஹெட்டும் கெடும்.

எனக்கு ஒரு பழைய டெக் கிடைத்தது. உள்ளே றப்பர் பெல்ட் உருகிப் பிசினாகிக் கிடந்தது. அதை மாற்றி, ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒரு வயரால் கணினியோடு இணைத்து, ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். இதில் குறுக்குவழி கிடையாது, 90 நிமிடக் கசெட்டுக்கு 90 நிமிடமும் இருந்தாக வேண்டும். முதல் பிரதியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். எம்பி3 கோப்பைச் சிறிதாக்குவதே ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துத்தான். இரைச்சல் நீக்கும் வசதியையும் அந்தப் பிரதியில் தொடாதீர்கள். நான் ஒருதரம் போட்டுப் பார்த்தேன், இரைச்சலோடு சல்லரித் தாளத்தின் கணீரும் பாதி போய்விட்டது.

கூத்துத் தொடங்கி இருபது நிமிடமளவில், மத்தளம் ஓய்கிற ஒரு இடைவெளியில், பக்கத்தில் யாரோ சொல்வது கேட்கிறது: “மனே, அந்த விளக்கைக் கொஞ்சம் உயர்த்து.”

அம்மம்மாவின் குரல். அவ போய் 19 வருசம். எங்களிடம் அவவின் படம் இருந்தது, குரல் இருக்கவில்லை. அம்மா அந்த இடத்தை மூன்று தரம் போடச் சொன்னா.

டெக் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உங்கள் வீட்டில் கூத்து, வசந்தன் ஆட்டம், குளிர்த்தி, மீனவர் பாட்டு, உம்மாமார் பாடின கவி என்று எது பதிந்த கசெட் இருந்தாலும் இன்பாக்ஸில் எழுதுங்கள். காசு வேண்டாம். கசெட்டையும் பதிந்த கோப்பையும் உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன்.