இரண்டாவது ரவுட்டரைச் சும்மா சொருகினால் போதாது
"பின்கட்டுக்கு வைஃபை எட்டலைன்னா இன்னொரு ரவுட்டரைச் சொருகினால் போதும்" என்று வீட்டு வைஃபை பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடுதான் வரும். லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) அப்படியே சொருகினால் இரண்டும் போட்டி போட்டு ஃபோன், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கும், வைஃபை காட்டும், நெட் வராது. முதலில் புதியதைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து, முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி பங்கிடும் வசதி) அணைத்துவிடுங்கள். அந்த எண் பழைய ரவுட்டர் பங்கிடும் வரிசைக்கு வெளியே இருக்கணும். பிறகு பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து புதியதின் லேன் போர்ட்டுக்குக் கேபிள். புதியதின் வான் போர்ட்டைத் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) தொடவே வேண்டாம். ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) போதுமா என்று மேலே கேட்ட பாளையங்கோட்டை நண்பருக்கு: நெல்லைப் பக்கத்துப் பழைய வளவு வீடுகளின் கனத்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் சீக்கிரம் செத்துப்போகும், கேட்-6 நெட்வொர்க் கேபிளே இழுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். எட்டுக் கம்பியும் முழுச் செம்பாக இருக்கட்டும். நாலு மட்டும் சேர்ந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.