அடிபட்ட பிள்ளைக்கே டி.சி.யா?

ஊரில் ஒரு கலவரமோ சாதித் தகராறோ வந்தால் நம்ம பள்ளிக்கூடங்கள் கேட்டைப் பூட்டும். திறந்ததும் விட்ட பாடத்திலிருந்து நடத்தும். அப்புறம் சத்தமில்லாமல் இன்னொன்று நடக்கும். அடிபட்ட பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, "எதுக்கு வம்பு, வேற ஸ்கூல்ல சேத்துருங்களேன்" என்பார்கள். அடித்தவன் அங்கேயே படிப்பான், அடி வாங்கியவன் ஊர் மாறுவான். இதற்குப் பெயர் சுமுகத் தீர்வாம்.

1982 மார்ச்சில் மண்டைக்காடு கோயில் கொடை சமயத்தில் மூண்ட இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரியவர்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, விசாரிக்க வேணுகோபால் கமிஷன் வந்தது, குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். எல்லாம் பதிவில் இருக்கிறது. வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்று யார் எழுதினார்கள்? என் சித்தி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி திறந்த அன்று, தினமும் ஒரே டப்பாவில் சாப்பிட்ட, வேறு மதத்துத் தோழி பையைத் தூக்கிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள். கணக்கு டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு போர்டுப் பக்கம் திரும்பி தேற்றம் எழுத ஆரம்பித்தார். கலவரம் என்றால் சித்திக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது போலீஸ் வண்டி இல்லை, அந்த டீச்சரின் முதுகுதான்.

இத்தனைக்கும் இந்த மண்ணில் படிப்பும் மானமும் சேர்ந்தே வந்தவை. மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் போராடிய தோள்சீலைக் கலகத்தில் ஜெபக்கூடங்களோடு பள்ளிக்கூடங்களும் எரிந்தன. மேலாடைக்கான உத்தரவை, அதுவும் அரைகுறையாக, 1859 ஜூலையில்தான் திருவிதாங்கூர் அரசு போட்டது. அதற்கெல்லாம் முன்பே மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். துணை நிற்பது என்றால் அது. வெறும் ஆறுதல் பேச்சில்லை, பிள்ளையின் கையில் காசும் தொழிலும். இந்த வரலாற்றை ஆண்டுவிழா மேடையில் முழங்குகிற நாம், நமக்குக் கீழே என்று நினைத்துக்கொள்கிற வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் முகம் சுளிக்காமல் இருக்கிறோமா? சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

2020-ல் அமெரிக்காவில் போலீஸ் கொன்ற கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்டுக்காக நம் பிள்ளைகள் ஸ்டேட்டஸில் கறுப்புச் சதுரம் வைத்தார்கள். நல்லதுதான், மினியாபொலிஸ் ரொம்பத் தூரம். நாங்குநேரி பக்கம். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பிளஸ் டூ மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியது அவனோடு படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதில் என் மனதை விட்டுப் போகாத விஷயம், சாதியை வைத்துத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் புகார் சொன்ன பிறகுதான் அது நடந்தது. சொல் சொல் என்று பிள்ளைகளைத் தூண்டிவிட்டு, சொன்ன பிள்ளையை அன்றைக்கு ராத்திரி தனியாக விட்டால் அடுத்த பிள்ளை எப்படி வாய் திறக்கும்?

அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்ட கையில் கட்டும் கலர் கயிறு கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. எல்லாம் சரி. ஆனால் கயிற்றை அறுப்பது சுலபம்; வாட்ச் பட்டைக்குள் ஒளித்துக் கட்டிக்கொண்டு வருகிற பையன்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு நல அலுவலர் வேண்டும் என்றும் அதே குழு சொன்னது. நான் அதைத்தான் முதலில் வைப்பேன். புகாரை வாங்கி, அன்றைக்கே வீட்டுக்குப் போய், பிள்ளை எந்த பஸ்ஸில் வருகிறான், கூட யார் வருகிறார்கள் என்றுவரை பார்க்க ஓர் ஆள்.

"அடிச்சவனும் சின்னப் பையன்தானே" என்பார்கள். ஆமாம். அவனையும் தெருவில் விடக் கூடாது, அவனோடும் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். ஆனால் யாராவது இடம் மாறியே ஆக வேண்டுமென்றால் மாறுகிறவன் அவனாக இருக்கட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) ஹெச்.எம். அறையில் ஒட்டியிருக்கிறதா, பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்திலா? புகார்ப் பெட்டிச் சாவி யார் கையில் இருக்கிறது, கடைசியாக அதை எப்போது திறந்தார்கள்?