கலர் பென்சில் மாத்திரைக்கு மாற்று இல்லை

அண்ணே, "ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக் கோலமும் ஓவியமும் போட வைத்தால் வலி மாத்திரையே வேண்டாம், நோயும் போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வரையச் சொல்வது நல்லதுதான். மற்றது தப்பு.

வரைவதால் நோய் குணமாகாது. பயமும் சலிப்பும் குறையும். ஊசி போடும் நேரத்தில் கவனம் வேறு பக்கம் போவதால் வலி கொஞ்சம் மட்டாகத் தெரியும். அதுவே பெரிய உதவி. ஊசி மாட்டாத புது சிரிஞ்சில் கலர் தண்ணீரை நிரப்பித் தாளில் பீய்ச்ச விடுவார்கள். சிரிஞ்சைப் பார்த்தாலே அலறும் பிள்ளைக்கு அது மெல்ல விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். ஸ்ட்ராவால் கலரை ஊதிப் பரப்பினால் மூச்சுப் பயிற்சி. செட்டிநாட்டு வீடுகளில் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூவை வரைந்து கொடுத்துக் கோட்டைத் தாண்டாமல் கலர் அடிக்கச் சொன்னால் விரலுக்கு வேலை.

அப்புறம், வீட்டு அரிசி மாவைக் கொண்டுபோய் வார்டில் நடுவீட்டுக் கோலம் (செட்டிநாட்டு விசேஷக் கோலம்) போடச் சொன்னீர்களே, அது வேண்டாம். கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, எடுக்கும் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. திறந்து வைத்த மாவு, களிமண், பலர் தொட்ட பிரஷ் எல்லாமே தொற்றைக் கொண்டுவரலாம். புது ஸ்கெட்ச் பேனாவும் வெள்ளைத் தாளும் போதும், அதுவும் வார்டு நர்சைக் கேட்டுவிட்டு. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.